குரங்குவழுக்கி

நெகிஷி வீட்டு வாசல் மரத்தைத் தினமும் இடம் வலமாக மாற்றிப் பார்க்கிறவன் நான். என் முடிதிருத்தும் கடை அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்குத் தெரு. நாற்காலியில் உட்காருகிறவருக்குக் கண்ணாடியில் தன் முகமும், முகத்துக்குப் பின்னால் அந்த மரமும் தெரியும். முடி வெட்டுகிறவனுக்கு மரம் வெட்டுவதைப் பற்றி என்ன பேச்சு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊர் ஆங்யோவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே வீட்டுக்கு வீடு மரக்கன்று வளர்த்து விற்கிறவர்கள்தான். எங்கள் பல் வைத்தியர்கூட, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டு மக்னோலியாவை எந்தப் பாவி இப்படி வெட்டினான் என்றுதான் ஆரம்பிப்பார். வாய் திறந்திருப்பதால் நம்மால் பதிலும் சொல்ல முடியாது.

அந்த மரத்துக்குப் பெயர் குரங்குவழுக்கி. பட்டை உரிந்து உரிந்து, அடிமரம் மழித்து முடித்த கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கும். ஏறுகிற குரங்கும் வழுக்கிவிடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த பெயர். கோடை முழுக்க, நூறு நாள், சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். பிப்ரவரிக் குளிரில் தோட்டக்காரர் ஓகுமா வந்து கவாத்து செய்வார். போன வருஷம் வெட்டிய அதே இடத்தில் இந்த வருஷமும் வெட்டுவார். அப்படி வெட்டி வெட்டி ஒவ்வொரு கிளை நுனியும் மூடிய கை முஷ்டி மாதிரி திரண்டு போயிருந்தது. குளிர்காலத்தில் பார்த்தால் மரம் ஊரையே அடிக்கக் கை ஓங்கி நிற்பதுபோல் இருக்கும். அந்த முஷ்டிகளிலிருந்துதான் புதுக் குச்சி கிளம்பும், குச்சி நுனியில்தான் பூ வரும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர் வீட்டில் பரீட்சை எழுதுகிற ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் பாஷையில் பரீட்சையில் தவறினால் 'வழுக்கிட்டான்' என்போம். 'விழுந்துட்டான்' என்றும் சொல்வோம். நெகிஷி வீட்டு ஷூஜி நான்கு தடவை வழுக்கியிருந்தான். சின்னப் பையன் இல்லை, நாற்பதைத் தொட்ட ஆள். நகராட்சி அலுவலகத்தில் நிலப் பிரிவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவன், பத்திரம் எழுதும் உரிமத்துக்கான தேர்வை எழுதுகிறேன் என்று வேலையை விட்டுவிட்டான். நூறு பேர் எழுதினால் இரண்டு மூன்று பேர் தேறுகிற தேர்வு அது.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அவன் அம்மா ஷிகே, வீட்டில் அந்த வார்த்தைகளுக்குத் தடை போட்டார். எதுவும் வழுக்கக் கூடாது, சறுக்கக் கூடாது, விழக் கூடாது. கொழகொழவென்று தொண்டையில் இறங்குகிற காளானைச் சூப்பில் போடுவது நின்றது. சீமைப்பனிச்சை மரத்திலிருந்து பழம் 'கீழே வந்தது'. மருமகள் சயோகோ ஒரு நாள் தட்டைக் கை தவறவிட்டபோது, "அம்மா, தட்டு தரைக்குப் போய்ச் சேந்துடுச்சு" என்றாளாம். இந்தத் தடை தெருவைத் தாண்டி என் கடைக்கும் வந்தது. ஷூஜி நாற்காலியில் இருக்கும்போது முடி விழுந்தது என்று சொல்ல முடியாது. முடிவெட்டும் கடையில் முடி விழாமல் வேறு என்ன செய்யும்? நான் வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.

ஆக வீட்டில் வழுக்குகிற பொருள் எதுவும் மிச்சமில்லை, வாசலில் நின்ற மரத்தைத் தவிர.

அந்தப் பிப்ரவரியில் ஓகுமா ஏணியைச் சாய்த்து, கழுத்துத் துண்டை இறுக்கி, முதல் குச்சியை வெட்டியதுமே ஷிகே வெளியே வந்துவிட்டார்.

"ஓகுமா-சான், இந்த வருஷம் தலைய மட்டும் வெட்டாதீங்க. அடியோட எடுத்துடுங்க."

"அடியோடவா? அக்கா, இது உங்க வீட்டுக்காரர் நட்டதாச்சே."

"நட்டாரு. குடிச்சிட்டு நட்டாரு. ஏலத்துல எவனும் கை வைக்காத மரக்கன்னைத் தூக்கிட்டு வந்து, ராவோட ராவா குழி தோண்டி வாசல்ல வச்சிட்டுப் படுத்துட்டாரு. குரங்குவழுக்கிய வாசல்ல வைக்கிற ஆளு உலகத்துல உண்டா? அது கோயில்ல நிக்கிற மரம். கல்லறைக்குப் பக்கத்துல நிக்கிற மரம்."

"பூ நல்லா வருதேக்கா."

"பூவ வச்சு உரிமம் தருவாங்களா?"

சயோகோ அப்போதுதான் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பொரித்த பண்டம் விற்கிற கடையில் வேலை. காலை முதல் சாயங்காலம் வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவள். குளித்தாலும் முடியில் எண்ணெய் வாசனை போவதில்லை என்று என் மனைவி கினுயேயிடம் சொல்லி வருத்தப்படுவாள்.

"அம்மா," என்றாள் சிரித்துக்கொண்டே, "மரத்த எடுத்துட்டா எனக்கு வீட்டுக்கு வர்ற வழியே மறந்துடும்."

சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் ஓகுமாவின் கத்தரி அப்படியே நின்றுவிட்டது. ஷிகே உள்ளே போனார்.

அந்த வாரமே சயோகோ எங்கள் கடைக்கு முகத்துப் பூனைமுடியை மழிக்க வந்தாள். பெண்களுக்கு மழிப்பது கினுயேதான். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஆனால் நடுவில் இருப்பது ஒரு திரைதானே, காதை எங்கே கழற்றி வைப்பது?

"இந்தத் தடவையும் ஆகலன்னா நான் நிகதா போயிடுறேன் கினுயேக்கா. எங்கம்மா வீட்டுக்கு."

"ச்சே, என்ன பேச்சு. அவரு என்ன குடிக்கிறாரா, அடிக்கிறாரா?"

"அடிச்சாக்கூடச் சத்தம் வரும்ல? எங்க வீட்ல சத்தமே இல்ல. கதவ ரெண்டு கையால மூடணும். டிவிய ஊமையா வச்சுப் பாக்கணும். அவரு பேசினா அம்மா என்னைப் பாக்குறாங்க, நான் பேசினா அவரு சுவரப் பாக்குறாரு. நாலு வருஷமா வாயில வர்றத அளந்து அளந்து பேசி, எனக்கு நாக்கே மரத்துப்போச்சு. வேலை முடிஞ்சு முக்கு திரும்பறப்ப அந்தச் சிவப்பு தெரியும். சரி, இன்னைக்கும் உள்ள போயிடலாம்னு தோணும். அதையும் எடுக்கச் சொல்றாங்க."

கினுயே கத்தியை முகத்திலிருந்து எடுத்துவிட்டாள் போல. "அசையாத, மூக்குக்கிட்ட இருக்கேன்" என்றாள் பிறகு, குரல் ஒரு மாதிரியாக.

ஓகுமா அடுத்துச் செய்ததுதான் வேர் சுற்றுவது. வயசான மரத்தைத் திடுதிப்பென்று பெயர்த்து நட முடியாது. ஒரு வருஷம் முன்னாலேயே சுற்றிப் பள்ளம் தோண்டி, தடித்த வேர்களை வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் பொடி வேர்கள் விட்டு மண்ணைக் கவ்விக்கொண்ட பிறகுதான் தாய்மண்ணோடு தூக்கலாம். இதற்கு வேர் சுற்றுவது என்று பெயர். ஒரு விஷயத்தைச் சபையில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவராகத் தனியே பிடித்துக் காதைக் கடிப்பதற்கும் எங்கள் பாஷையில் அதே பெயர்தான். மந்திரி சபையிலிருந்து தெருக் குப்பைத்தொட்டி வரை எங்கள் நாட்டில் வேர் சுற்றாமல் எதுவும் இடம் மாறாது.

ஓகுமா முதலில் ஷிகேயிடம் போய், வாசலை விட்டு மரத்தை நகர்த்தினால் போதுமே, கொல்வானேன், அது மறைந்துபோன உங்கள் வீட்டுக்காரர் கை பட்ட மரமாச்சே என்றார். அப்புறம் சயோகோவின் கடைக்குப் போய் இரண்டு கட்லெட் வாங்கித் தின்றுகொண்டே, கொல்லையில் குளியலறைப் பக்கம் நட்டால் உன் அடுப்படி ஜன்னலுக்கு நேரே வரும், உனக்கு மட்டும் தெரியும் என்றார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க ஹதானோ-சான்?"

"என் மரமா, என்னைக் கேக்கறதுக்கு?"

"உங்க கண்ணாடில தெரியுதுல்ல."

நானும் சரி என்றேன். அடுத்த பிப்ரவரியில் பெயர்ப்பது, இப்போது வேரை மட்டும் வெட்டிவைப்பது என்று முடிவானது. மார்ச்சில் மரத்தைச் சுற்றிப் பள்ளம் வந்தது, மூடியும் ஆயிற்று. ஷிகேக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

"அடுத்த பிப்ரவரி சரி. இந்த ஜூலைக்கு என்ன வழி? தேர்வு ஜூலைலதானே?"

ஓகுமா தலையைச் சொறிந்தார். எப்படியாவது இந்தப் பேச்சு முடிந்தால் தேவலை என்று நினைத்திருக்க வேண்டும். "வேணும்னா வைக்கோல் பிரியச் சுத்திவிடறேன். சொரசொரன்னு இருக்கும். குரங்கென்ன, எறும்புகூட வழுக்காது" என்று சொன்னவர், சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். ஷிகே அதைக் கவனிக்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அப்படித்தான் அந்த மரத்துக்குத் தரையிலிருந்து ஆள் உயரம் வரை கெட்டியாக வைக்கோல் பிரி சுற்றினார்கள். எல்லாரையும் கேட்டார்கள். ஷூஜியை மட்டும் கேட்கவில்லை. படிக்கிறவன் மனசைக் கலைக்கக் கூடாதாம்.

அவன் மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தான்.

"என்னம்மா இது?"

"குளிருக்கு."

"ஏப்ரல்லயா?"

"பூச்சிக்கு."

அவன் பல் பிரஷை வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான். அவனுக்குப் புரியாமல் இருக்குமா? சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன்.

ஜூனில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து ஜூன் மழை கொட்டி முடிக்கிற மழை இல்லை, காலையிலிருந்து ராத்திரி வரை நசநசவென்று ஒழுகிக்கொண்டே இருக்கும். பாய் ஈரம், துணி ஈரம், கடையில் துவாலைகள் எல்லாம் புழுங்கிய வாடை. மழையில் ஊறி வைக்கோல் பிரி கனத்துப்போனது. அடிமரமோ கன்னம் மாதிரி. காலையில் கடையைத் திறந்தால், தொளதொளத்த சாக்ஸ் கணுக்காலில் கிடப்பதுபோல மொத்தப் பிரியும் மரத்தடியில் கிடக்கும். ஷிகே குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அதை மேலே தள்ளுவார். மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். மறுபடி தள்ளுவார்.

"ஒரு ஆணி அடிச்சா என்ன?" என்று ஓகுமாவைக் கேட்டார்.

"ஆணி அடிச்சா உள்ள தண்ணி எறங்கி மரம் அழுகிடும் அக்கா."

"அழுகட்டுமே, ஜூலைக்கு அப்புறம் அழுகட்டும்."

ஓகுமா அதற்கப்புறம் அந்தத் தெருவழியே வருவதையே நிறுத்திக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் நல்லவர்கள், ஒருவருக்கும் நிம்மதி இல்லை. ஷூஜி மழை விட்ட நேரத்தில் கேள்விப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் மரத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பான். புத்தகம் விரித்தே இருக்கும், பக்கம் திரும்பாது. ஷிகே ஜன்னல் பின்னால் நின்று அவனைப் பார்ப்பார். சயோகோ வேலையிலிருந்து வந்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போகாமல் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நிற்பாள். காற்று இருக்கும். எனக்கே கடையில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. கினுயே, "உனக்கா பரீட்சை?" என்று கேட்டாள்.

தேர்வு ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை. முந்தின நாள் நெகிஷி வீட்டில் பன்றிக் கட்லெட் பொரிக்கிற வாசனை தெரு முழுக்க வந்தது. எங்கள் பாஷையில் கட்லெட்டும் வெற்றியும் ஒரே உச்சரிப்பு. தினமும் கட்லெட் பொரித்துவிட்டு வருகிற சயோகோதான் வீட்டுக்கு வந்தும் பொரித்திருப்பாள்.

ஞாயிறு எனக்குக் கடை உண்டு, திங்கள்தான் விடுமுறை. காலையில் கடையைத் திறந்து, வாசல் கம்பத்தின் சிவப்பு நீல விளக்கைச் சுழலவிட்டேன். மழை. ஷூஜி கோட்டுப் போட்டுக்கொண்டு, குடையோடு, பையோடு புறப்பட்டுப் போவதைப் பார்த்தேன். ஷிகே வாசல் வரை வந்து குனிந்து வழியனுப்பினார். கொஞ்ச நேரத்தில் சயோகோவும் வேலைக்குப் போய்விட்டாள், அவளுக்கு ஞாயிறு அரை நாள். போகிற வழியில் என்னைப் பார்த்தும் தலையைக்கூட அசைக்கவில்லை.

மத்தியானம் நெருங்கும்போது ஒரு டீ குடித்திருப்பேன். கடையின் பின்கதவு, துவாலை காயப்போடுகிற சந்துப் பக்கக் கதவு, திறந்தது. ஷூஜி நின்றான்.

"முடி வெட்டணும்."

"இன்னைக்கா? போன வாரம்தானே வெட்டினேன்?"

"அப்போ மழிச்சு விடுங்க."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான். துணியைக் கழுத்தில் கட்டி, சூடான துவாலையை முகத்தில் போட்டேன். துவாலைக்கு அடியிலிருந்து அவன் பேசினான்.

"நான் விண்ணப்பமே போடலங்க."

"ம்."

"மே மாசம் தபாலாபீஸ் வரைக்கும் போனேன். வரிசைல நின்னேன். என் முறை வந்தப்ப வாய் வேற எதையோ கேட்டுடுச்சு. தபால்தலை வாங்கிட்டு வந்துட்டேன். வீட்ல சொல்லலாம்னு வந்தா, அம்மா மரத்தடில நிக்கிறாங்க. எப்படிச் சொல்றது? ரெண்டாவது தடவையே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க, இது எனக்கு வராதுன்னு. ஆனா நான் வாயத் திறந்தாலே எல்லாரும் பூனை மாதிரி நகந்து போறாங்க. யாராவது ஒரு தடவ, ஏண்டா உனக்கு இது வேணுமான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. மரத்தப் பத்தி மட்டும் ஊரையே கேட்டாங்க."

"சயோகோகிட்டயாவது..."

"அவ போயிடுவா. எனக்குத் தெரியும்."

துவாலையை எடுத்தேன். கண் சிவந்திருந்தது. துவாலைச் சூடு என்று இரண்டு பேருமே வைத்துக்கொண்டோம். நுரை போட்டு, இடது கன்னத்தை மழித்து முடித்தேன். கத்தியைத் துடைத்துவிட்டு வலது பக்கம் வரும்போது அவன் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தான்.

மழை வலுத்திருந்தது. நெகிஷி வீட்டு வாசலில் ஷிகே நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. பிரி இறங்கியிருக்கிறது, அதை மேலே தள்ளியிருக்கிறார். தள்ளியதும் விட்டுவிட்டு உள்ளே போகவேண்டியதுதானே? போகவில்லை. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிரியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கன்னம் மரத்தில் ஒட்டியிருந்தது. எழுபது வயது மனுஷி. நான் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து பார்த்தேன், அப்படியே நின்றார். கினுயே உள்ளேயிருந்து குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளிடம் என்னமோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"வரமாட்டேங்கிறாங்க," என்று வந்தாள் கினுயே, நனைந்து. "பரீட்சை முடியற வரைக்கும் பிடிச்சுக்கறேன்னு சொல்றாங்க. அவன் அங்க எழுதற நேரத்துல இங்க எறங்கிடக் கூடாதாம்." அப்போதுதான் நாற்காலியில் இருக்கிற ஆளைப் பார்த்தாள். அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று.

ஷூஜி எழுந்தான். கழுத்தில் துணி, வலது கன்னத்தில் நுரை. அப்படியே முன்கதவைத் திறந்து தெருவில் இறங்கினான். கத்தியோடு நானும் வாசல் வரை போனேன்.

"அம்மா."

ஷிகே திரும்பிப் பார்த்தார். பார்த்தது பிள்ளையை என்று புரிய நேரமாயிற்று. "நீ எங்க இங்க?"

"நான் போகலம்மா."

"பேசாத, பிடி விட்டுப்போயிடும். இன்னும் நேரம் இருக்கு, முடியட்டும்."

"எது முடியணும்? நான் இங்கதான் நிக்கிறேன். பாரு, என்னைப் பாரு."

"பரீட்சை முடியட்டும்னு சொல்றேன்ல!" என்று கத்தினார் ஷிகே. அந்த வீட்டு வாசலில் ஒருவர் குரலெடுத்துக் கத்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிரியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிள்ளை அங்கே இல்லை, இங்கேதான் நிற்கிறான் என்பதை அந்தக் கைகள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஷூஜி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குளிரில் விறைத்துப்போன விரல்கள், சுலபமாக வரவில்லை.

"விடும்மா. வழுக்கட்டும்."

அவர் விட்டார். பிரி கொஞ்ச தூரம் வந்து, ஒரு நொடி நின்று, பிறகு சரசரவென்று மொத்தமாக இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. மழைதான் பெய்தது. ஷிகே வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

சயோகோ. சைக்கிளை உருட்டிக்கொண்டு, கூடையில் கடைப் பொட்டலத்தோடு எப்போது வந்தாளோ. பாதி நுரையும் மறுபாதி மழித்த முகமுமாக நின்ற புருஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"சயோகோ, நான் இந்த வருஷம் விண்ணப்பமே போடல. இனிமேலும் எழுதப்போறதில்ல."

"எப்போ முடிவு பண்ணீங்க?"

"மே மாசம்."

"மே மாசம்," என்றாள். "மேயிலிருந்து இன்னைக்கு வரைக்கும் தெனம் சாயங்காலம் அந்தப் புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு என் முன்னால உக்காந்திருந்தீங்க. நானும் சத்தம் வராம அடிமேல அடி வச்சு நடந்தேன். நேத்து அந்தக் கட்லெட்ட கடவுளே கடவுளேன்னு பொரிச்சேன். உங்களுக்கு எப்படித் தொண்டைல எறங்கிச்சு?"

சயோகோ சைக்கிளை அப்படியே போட்டாள். கூடையும் பொட்டலமும் சேற்றில் கவிழ்ந்தன. மரத்தடிக்குப் போய்க் குனிந்து, அந்த ஈரப் பிரியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது மரத்தைச் சுற்றிச் சிக்கியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து இழுத்தாள், அழுதுகொண்டே இழுத்தாள். முழுதும் வந்ததும் மூச்சு வாங்க அதைத் தெருவோரச் சாக்கடைப் பக்கம் எறிந்தாள். மரம் பளபளவென்று நின்றது. மேலே முஷ்டிகளிலிருந்து கிளம்பிய குச்சிகளின் நுனியில் பட்டாணி மாதிரி மொட்டுகள். அதுவரை யாருமே அண்ணாந்து பார்க்கவில்லை.

சயோகோ பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிகதா ரயிலுக்கு இன்றைக்கே கிளம்பிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். கினுயே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கத்தி இருக்கிற கையை.

"போங்க," என்றாள் சயோகோ கடைசியில், மரத்தைப் பார்த்தபடியே. "போயி மீதிய மழிச்சிட்டு வாங்க. அரை மொகத்தோட இருக்கிற ஆள்கிட்ட என்னத்தச் சண்டை போடறது? நிறையப் பேசணும் உங்ககிட்ட. சத்தமா."

பிறகு மாமியாரிடம் போனாள். தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். "வாங்கம்மா, குளிச்சிடுங்க. உதடு நீலமாயிடுச்சு."

"அந்த ஓகுமாகிட்ட யாரு சொல்றது?" என்றார் ஷிகே. பற்கள் கிடுகிடுத்தன. "பிப்ரவரில பெயர்க்கறதா இல்லையான்னு? கொஞ்சம் முன்னாடியே ஆளவிட்டு..."

"நேரா போயிச் சொல்லிடலாம்மா. வாயிருக்குல்ல."

ஷூஜி தெருவைத் தாண்டி வந்தான். நுரையெல்லாம் மழையில் கரைந்து துணியில் வழிந்திருந்தது. கால் முழுக்கச் சேறு, ஈரம். என் கடைத் தரை லினோலியம், அதன் மேல் காலையில் வெட்டிப் போட்ட முடி கிடக்கிறது. அவன் காலெடுத்து உள்ளே வைத்தபோது, இத்தனை வருஷத்தில் கடைக்கு வந்த எல்லாரிடமும் சொல்கிறதுதான், என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாத்து வாப்பா, வழுக்கும்!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கினுயே என்னை முறைத்தாள். எதிர் வாசலில் ஷிகே குளிக்கப் போகாமல் அப்படியே நின்று இந்தப் பக்கம் திரும்பினார். ஷூஜி ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றான்.

"தரை தொடைக்கல, அதான்," என்று முனகினேன்.

"தெரியுது," என்றான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்து நாற்காலி வரை வந்தான்.